மாத்திரையும் ஒரு பாதிக் கேள்வியும்

மார்ச் 3

அன்புள்ள உனக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ‘ம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். நானும் அதைத்தான் சொன்னேன். அம்மாவும் குட்டியும் உன் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன பேசுவது. நடுவில் சிக்னலும் போய்விட்டது. போனால் போகட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. அதனால்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமை சாமான் படகு வரும்போது கொடுத்து அனுப்புவேன்.

வேலை வழக்கம்போல. இந்த ஊர்த் துறைமுகத்துக்குக் கப்பல்கள் போகும் கால்வாயில் மண் அள்ளிக்கொண்டே இருக்கிறோம். அள்ள அள்ள வந்து நிறைகிறது. பெரிய பம்பின் பேரிங் சூடாகிறது, பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. வெயில் வேறு. சமையல்காரர் கோபித்துக்கொண்டு நேற்று முழுக்க ரொட்டியும் டீயும்தான் போட்டார்.

அம்மா ஒரு விஷயம் சொன்னாள். நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் போன் செய்து சொன்னாள். உன் அலமாரியில் கத்தரிக்கோல் தேடும்போது ஒரு மாத்திரை அட்டை கிடைத்ததாம். என்ன மாத்திரை என்று தெரியாமல் மருந்துக்கடையில் காட்டியிருக்கிறாள். கர்ப்பம் தரிக்காமல் இருக்கச் சாப்பிடுவது என்று கடைக்காரர் சொன்னாராம். பாதி அட்டை காலியாக இருந்ததாம்.

நான் கப்பல் ஏறி ஏழு மாதம் ஆகிறது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீயே எழுது. குட்டியை மழலை மாறாமல் பேசச் சொல்லாதே, பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள்.

நான்


மார்ச் 14

உங்களுக்கு,

குட்டி நன்றாகத்தான் பேசுகிறாள். மழலை போய் வருஷமாகிறது.

‘நான் கப்பல் ஏறி ஏழு மாதம் ஆகிறது.’ அந்த வரியை மட்டும் தனியாக எழுதியிருக்கிறீர்கள். மேலேயும் கீழேயும் இடம் விட்டிருக்கிறீர்கள். பஸ் டிப்போவில் ஓய்வறையில் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு ஒரு முழு டிரிப் ஓட்டினேன். எந்த நிறுத்தத்தில் நின்றேன், எங்கே திரும்பினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. கை பழகியிருந்ததால் வண்டி போய்ச் சேர்ந்தது.

போன வருஷம் நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள், மாதம் வந்தால் எனக்கு ரத்தம் நிற்பதே இல்லை என்று சொன்னேன். நீங்கள் பையில் சட்டை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். “பொம்பளைங்களுக்கு எல்லாம் இருக்கறதுதானே” என்றீர்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியும். அதற்கு மேல் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். குட்டி பிறந்த பிறகு மாதம் ஒன்றுக்கு வாரம் தாண்டி ரத்தம் போகும். ஓட்டுநர் இருக்கையில் ரெக்சின் மேல் பழைய துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். யூனிஃபார்ம் கால்சட்டை கறுப்பு என்பதால் பிழைத்தேன். என் தடத்தில் ஒரு முனையில் மட்டும்தான் கழிப்பறை. மறுமுனையில் ஒரு சுவரும் ஒரு விளம்பரப் பலகையும்தான். ஆண் ஓட்டுநர்களுக்கு அந்தச் சுவர் போதும். நான் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். வலி வந்தால் கிளட்ச் மிதிக்கும்போது இடுப்பிலிருந்து முழங்கால் வரை யாரோ முறுக்கிப் பிழிவது மாதிரி இருக்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும். முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் ‘மெலிஞ்சுட்டியே, அழகா இருக்கே’ என்றார்கள்.

கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். கட்டி எதுவும் இல்லை. ரத்தத்தில் இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. சத்து மாத்திரையோடு இதையும் எழுதிக் கொடுத்தார். பெயரைக் கேட்டதும், என் வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லையே, இது எதற்கு என்று நானே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “கர்ப்பத்தடைங்கறது இந்த மாத்திரை செய்யற ஒரு வேலைம்மா. உங்களுக்கு நான் குடுக்கறது இன்னொரு வேலைக்கு. கர்ப்பப்பையோட உள்தோலு ரொம்பத் தடிச்சு வளராம இது பார்த்துக்கும். தோலு மெலிசா இருந்தா ரத்தமும் கம்மி, வலியும் கம்மி” என்றார்.

முதல் மாதம் குமட்டியது. அங்கங்கே சொட்டுச் சொட்டாகப் பட்டது. இரண்டாம் மாதம் அடங்கியது. மூன்றாம் மாதம் துண்டு இல்லாமல் வண்டி ஓட்டினேன். அது என்ன மாதிரி இருந்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அந்தப் பெயரைக் கேட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று பயந்தேன். அப்படியேதான் நினைத்திருக்கிறீர்கள்.

நேற்று அத்தையின் கண் முன்னாலேயே மீதி மாத்திரையை எல்லாம் குப்பைக்கூடையில் உதிர்த்துவிட்டேன். நிம்மதியாக பேரிங்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். கேட்க நினைத்ததை முழுசாகக் கேளுங்கள். பாதியில் நிறுத்திய கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

குட்டியின் அம்மா


மார்ச் 27

டிரைவரம்மாவுக்கு,

உன் கடிதம் படகில் வந்தது. எஞ்சின் அறையில் படிக்க முடியவில்லை, மேல்தளத்தில் காற்றில் பிடித்துக்கொண்டு படித்தேன்.

நான் எதுவும் கேட்கவில்லையே. அம்மா சொன்னதைச் சொன்னேன், மாதக்கணக்கைச் சொன்னேன். நீயாகவே ஏதேதோ சேர்த்துப் படித்துக்கொண்டு கோபப்படுகிறாய். இவ்வளவு கஷ்டம் இருந்தால் சொல்லியிருக்க வேண்டாமா. ஒரு தரம் சொன்னேன் என்கிறாய். சட்டை அடுக்குகிறவனிடம் சொன்னால் என்ன ஏறும்.

எனக்கு இங்கே மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஸ்பேனரை எடுக்கப் போய் வெறும் கையோடு திரும்பி வருகிறேன். எலெக்ட்ரீஷியனிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். வீட்டில் யாராவது வேறு காரணத்துக்கு அந்த மாதிரி மாத்திரை சாப்பிடுவார்களா என்று. அவன் ஒரு பதில் சொன்னான். அதை உனக்கு எழுத மாட்டேன். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். தலைமைப் பொறியாளர் வந்து பிரித்தார். இப்போது நானும் அவனும் வேறு வேறு ஷிப்ட். அடுத்த நாள் நீராவிக் குழாயில் கையைச் சுட்டுக்கொண்டேன். பெரிய காயம் இல்லை. அம்மாவிடம் சொல்லாதே.

வேறு மருந்தே இல்லையா? இதுதான் கிடைத்ததா? குட்டிக்கு ஒரு தம்பியோ தங்கையோ வேண்டும் என்று நாம் இரண்டு பேரும்தானே பேசினோம். இதைச் சாப்பிட்டால் பிறகு பிள்ளையே தங்காது, கர்ப்பப்பை காய்ந்துவிடும் என்கிறார்கள். யார் என்கிறார்கள் என்று கேட்காதே. எல்லோரும்தான்.

எப்படியோ, தூக்கிப் போட்டுவிட்டாய். நல்லது என்று எழுதினேன். பிறகு கோடு போட்டு அடித்தேன். அடித்தது உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனுக்கு வரவில்லை. “அம்மா படுத்துட்டு இருக்காங்க” என்று குட்டி சொன்னாள். உடம்புக்கா, என் மேல் உள்ள கோபமா?

நான்


ஏப்ரல் 17

உங்களுக்கு,

மருத்துவமனைக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. கையில் ஊசி குத்தியிருப்பதால் எழுத்து கோணலாக வரும்.

மாத்திரையை விட்ட அடுத்த மாதவிலக்கு பழையபடி வந்தது. பழையபடி என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்கும் மேலே. விடுப்பு கேட்டேன். ஆள் இல்லை, இன்று ஒரு நாள் ஓட்டிவிடம்மா என்றார் கிளை மேலாளர். நானும் ஓட்டிவிடலாம் என்றுதான் ஏறினேன்.

மேம்பாலத்தில் இருந்து இறங்கும்போது சாலையின் ஓரமெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. நடுவில் மட்டும் ஒரு வட்டம் தெரிந்தது. வண்டி நிறைய ஆள். முன்னால் ஸ்கூட்டரில் ஒருவர் மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அந்தக் குழந்தையின் மஞ்சள் தொப்பியையே பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தேன். ஓரமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, இரண்டு கதவையும் திறந்துவிட்டேன். இதையெல்லாம் செய்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தேன்.

பின்னாலிருந்து “நிறுத்தமே இல்லாத இடத்துல ஏன்மா நிறுத்தினே” என்று யாரோ கத்தினார்கள். கண்டக்டர் தம்பி ஓடி வந்தான். “அக்கா, அக்கா” என்றானே தவிர என்ன செய்வது என்று தெரியவில்லை அவனுக்கு. முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து பார்த்தாள். இருக்கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் துப்பட்டாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். பிறகு திரும்பி, ஆண்களை எல்லாம் பின்வழியாக இறங்கச் சொன்னாள். அவள் யார் என்று எனக்குத் தெரியாது.

டாக்டரம்மாவுக்குக் கோபம். நன்றாக ஏறிக்கொண்டு வந்த ரத்த அளவு இப்படி விழுந்திருக்கிறதே என்று கேட்டார். “யாரு நிறுத்தச் சொன்னா?”

நான் சுவரைப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை, நானேதான் நிறுத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். “நான்தான், டாக்டர்” என்றார்.

நீங்கள் இருந்திருந்தால் உங்கள் அம்மாவை அடையாளம் தெரிந்திருக்காது. கடையில் கேட்டது, உங்களுக்கு போன் செய்தது, ‘புருஷன் ஊரில் இல்லாதவளுக்கு எதற்கு’ என்று என்னிடம் கேட்டது, அவ்வளவையும் ஒப்பித்தார். பிறகு மெதுவாக, இதற்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். தனக்கும் இப்படித்தான் போய்க்கொண்டிருந்ததாம். உங்களைப் பெற்றதும் மூன்று நாலு வருஷம் தாங்கிப் பார்த்தாராம், பிறகு கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்களாம். “அப்ப எங்கிட்ட யாரும் மாத்திரைன்னு ஒண்ணு சொல்லலையே” என்றார். எல்லாருக்கும் ஒரே வைத்தியம் இல்லை, அத்தைக்கு அப்போது எது சரிப்பட்டிருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அத்தை அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ‘ஒரு பொண்ணு வேணும்னு இருந்துச்சு’ என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்டதையும் கேட்டுவிட்டேன். மாத்திரையால் கர்ப்பப்பை காயாதாம். வேண்டும்போது நிறுத்தினால் பிள்ளை தங்குமாம். ஆனால் இந்த ரத்த அளவோடு இப்போது பிள்ளை தங்கினால் எனக்குத்தான் ஆபத்தாம்.

நர்ஸ் வருகிறார். இதோடு நிறுத்துகிறேன். உங்கள் கேள்வி இன்னும் வரவில்லை.

குட்டியின் அம்மா


ஏப்ரல் 24

டிரைவரம்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அம்மா போனில் சொல்லிவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள். அவள் அழுது நான் கேட்டதில்லை, அப்பா போனபோதுகூட. அன்றைக்கே கேப்டனிடம் போய் நின்றேன். மாற்று ஆள் வராமல் அனுப்ப முடியாது என்றார். கால்வாய் வேலை மே கடைசியில் முடியும், கப்பல் நம் ஊர்த் துறைமுகத்துக்குத் திரும்பும், அப்போது முதல் ஆளாக நீ இறங்கு என்றார். படகுக்காரரிடம் என்னை மட்டும் கரையில் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அவருக்கு வேலை போய்விடும் என்றார். திரும்பி வந்து பம்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நிற்கிறேன் என்று சும்மா சொல்கிறேன். நடந்துகொண்டே இருக்கிறேன்.

கைக் காயம் சீழ் வைத்ததால், கூடவே ஓர் ஆளைப் போட்டு இங்குள்ள துறைமுக மருத்துவமனைக்கு அனுப்பி, அன்றைக்கே கப்பலுக்குத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். கட்டுப் போட்ட டாக்டர் வயசானவர். காயத்தைச் சுத்தம் செய்யும்போது, என் மனைவிக்கு இந்த மாதிரி என்று சொல்லி, அந்த மாத்திரை நல்லதா கெட்டதா என்று கேட்டேன். அவர் நல்லது, கெட்டது எதையும் சொல்லவில்லை. என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“உங்க மனைவிக்கு ரத்த அழுத்தம் உண்டா?”

தெரியாது என்றேன்.

“ஒற்றைத் தலைவலி வருமா? வரும்போது கண்ணு முன்னாடி மின்னல் மாதிரி தெரியுமா?”

தெரியாது.

“அவங்க வீட்ல யாருக்காவது காலில ரத்தம் கட்டியிருக்கா? மார்புல கட்டி?”

உன் அம்மா எதில் இறந்தார் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலா?

இதெல்லாம் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால்தான் கேட்டேன், உங்கள் மனைவியின் டாக்டர் கேட்டிருப்பார் என்றார். பிறகு அவராகவே சொன்னார். மாதவலி தாங்காமல் பரீட்சை எழுத முடியாத பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம். கருமுட்டைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு மாதவிலக்கை ஒழுங்குபடுத்தக் கொடுப்பார்களாம். முகப்பருவுக்குக்கூட. பல வருஷம் சாப்பிட்டவர்களுக்குக் கருமுட்டைப்பைப் புற்றுநோயும் கர்ப்பப்பைப் புற்றுநோயும் வருவது குறைவாம். மார்பில் வருவதற்கு வாய்ப்பு மட்டும் சாப்பிடும் காலத்தில் கொஞ்சம் கூடுமாம். “எந்த மருந்தும் ஒரு பக்கம் மட்டும் பேசாதுப்பா” என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. எந்த பேரிங் எத்தனை மணி நேரத்தில் சூடாகும் என்று கேட்டால் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். உன்னைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

முழுசாகக் கேள் என்றாய். கேட்கிறேன். நான் இல்லாத நேரத்தில் நீ வேறு ஒருவரோடு இருக்கிறாயா? மார்ச் மாதம் முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னோடு ஓட்டும் ஆட்களின் முகத்தை ஒவ்வொன்றாக யோசித்தேன். டிப்போவுக்கு உனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அன்று உன்னோடு சிரித்துப் பேசிய அந்த மெக்கானிக்கை ரொம்ப நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன். எழுதிப் பார்த்தால் இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தெரியாது. இப்போது நான் அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் நினைத்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

இதை அடிக்காமல் அனுப்புகிறேன்.

நான்


மே 19

உங்களுக்கு,

இல்லை.

இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. நம்புவது உங்கள் வேலை. மறுபடி எழுத மாட்டேன், போனிலும் சொல்ல மாட்டேன், நீங்கள் வந்து நின்றாலும் சொல்ல மாட்டேன்.

அந்த மெக்கானிக்குக்கு அறுபது வயது. அடுத்த மாதம் ஓய்வு. அன்றைக்கு அவர் தன் பல்செட் டீ டம்ளரில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேள்வியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மெக்கானிக் என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காக உங்கள் மேல் இன்னும் கோபம் வந்தது.

என் அம்மா இறந்தது மஞ்சள் காமாலையில். எனக்கு ரத்த அழுத்தம் இல்லை. தலைவலி வரும், மின்னல் தெரியாது. கால் நரம்பு எல்லாம் சரியாக இருக்கிறது. டாக்டரம்மா எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை யாராவது கேட்டால் சொல்வதற்கு.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். தீர்ந்துபோனதும் அத்தையே கடைக்குக் கிளம்பினார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அதே கடை. அதே ஆள். அவர் குரலைத் தணித்து, அட்டையைக் காகிதத்தில் சுற்றி, அதைக் கறுப்புப் பையில் போட்டிருக்கிறார். அத்தை பிரித்து வெளியே எடுத்திருக்கிறார். “என் மருமகளுக்கு ரத்தப்போக்கு நிக்கறதுக்கு. இதை எதுக்குத் திருட்டுச் சாமான் மாதிரி சுத்திக் குடுக்கறீங்க?” என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டாராம். என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. தினமும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார். சில நாள் அதுவே எரிச்சலாக இருக்கிறது. என் உடம்பு எல்லோருக்கும் பொதுச்சொத்து ஆகிவிட்டது.

வேலையில் பெரிய கூத்து. வண்டியை வழியில் நிறுத்தியதால் உடல் தகுதிச் சோதனைக்கு அனுப்பினார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மூவரும் ஆண்கள். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்தார், இன்னொருவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். மயக்கம் வருகிறவளை ஓட்டுநர் இருக்கையில் வைக்க முடியுமா என்று கிளை மேலாளர் கேட்டார். மயக்கம் வந்தது மாத்திரை சாப்பிட்டதால் இல்லை, விட்டதால் என்றேன். விடுப்பு கேட்டேன், கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கண்டக்டர் தம்பி அதற்குச் சாட்சி சொன்னான். ரத்த அளவு ஏறும் வரை டிப்போவில் உட்காரும் வேலை என்று முடிவானது. போன வாரம் பரிசோதித்தார்கள். ஏறியிருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். மறுமுனையிலும் கழிப்பறை கட்ட வேண்டும் என்று பெண் ஓட்டுநர்கள் ஐந்து பேரும் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறோம். சுவரைக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது பிள்ளையைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் சொல்லப் போவதில்லை. எனக்கு ஆசை இருக்கிறது. பயமும் இருக்கிறது. உங்களோடு பெற்றுக்கொள்ளும் ஆசை முன்பு இருந்த மாதிரியே இருக்கிறதா என்று தெரியவில்லை. சில நாள் இருக்கிறது. வண்டி ஓட்டும்போது இருக்கிறது, வீட்டுக்கு வந்து உங்கள் மார்ச் மாதக் கடிதம் இருக்கும் அலமாரியைத் திறந்தால் போய்விடுகிறது. அதை எடுத்துக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று அத்தை சொல்கிறார். நான் இன்னும் கிழிக்கவில்லை.

மாத இறுதியில் இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கூட்டிப் போக நான் வர முடியாது, இப்போதுதான் வண்டி கிடைத்திருக்கிறது, விடுப்பு எடுக்க மாட்டேன். ஆனால் தடம் மாற்றிவிட்டார்கள். மாலையில் என் வண்டி துறைமுக வாசல் வழியாகத்தான் வீட்டுப் பக்கம் போகிறது. வந்து ஏறுவதானால் ஏறுங்கள். டிக்கெட் எடுக்க வேண்டும். ஓட்டும்போது என்னிடம் யாரும் பேசக்கூடாது, அது விதி. நம் வீட்டு நிறுத்தம் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை பின்னால் உட்கார்ந்து, இறங்கியதும் என்னிடம் முதலில் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வாருங்கள்.

குட்டியின் அம்மா